மன்ராஜ் சமைக்கவில்லை

இந்தச் சமையல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தையாகவே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடாயை எந்தச் சூட்டில் பிடிப்பது, நூடுல்ஸை எப்போது வடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

போன மாதம் அம்பத்தூரில் புதிதாகத் திறந்த ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு என் மகள் என்னைக் கூட்டிப்போனாள். விலை குறைவு, இடம் சுத்தம், சோறும் நன்றாகவே இருந்தது. கல்லாவில் இருந்த மணிப்பூர்ப் பெண்ணை மேலாளர் எழுப்பி, “நீ போய் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால நில்லும்மா, உன் முகந்தான் கடைக்குப் பொருத்தமா இருக்கு” என்றார். அந்தப் பெண் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன். “என்னப்பா, பிடிக்கலையா?” என்று மகள் கேட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டுக் களையெடுத்தவர்கள். நகரத்துக்குள் ஒரு பெரிய சைனீஸ் ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, எட்டு வருடத்தில் கடாய் பிடிக்கும் மாஸ்டர் ஆனேன். எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒருவர் கடை போடுகிறார், சைனீஸ் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அவர் எங்கள் பக்கத்துப் பழைய நிலக்காரக் குடும்பம். நிலத்தில் பாதி தொழிற்சாலைகளுக்குப் போயிருந்தது. ஒரு தட்டு நூடுல்ஸ் போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எட்டு மேசைக் கடை. லேத் பட்டறையிலிருந்தும் பிரஸ் ஷாப்பிலிருந்தும் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அதுவரை நூடுல்ஸ் என்பதைச் சினிமாவில் பணக்காரர்கள் குச்சியால் தின்னும் பண்டமாக மட்டுமே பார்த்தவர்கள். அதை நாங்கள் பிரியாணி விலைக்கே கொடுத்தோம். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. பலகையில் ‘சைனீஸ் – ஜப்பானீஸ்’ என்று எழுதியிருந்தது. எஸ்டேட்டுக்கு ஜப்பான் கூட்டோடு ஒரு கம்பெனி வந்திருந்ததால் முதலாளிக்கு அந்த ஆசை. ஜப்பானீஸ் என்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சூப்பு. கோழி சூப்பில் மெல்லிசாக நறுக்கிய ஆம்லெட்டைப் போட்டால் அதுதான் ‘ஜப்பான் சூப்பு’.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

கடை திறப்பதற்கு நாலு நாள் முன்பு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“உன் கைப்பக்குவம் நல்லாகீது, ஒத்துக்கறேன். ஆனா உன்ன முன்னால நிறுத்துனா எவன் வருவான்? பாதிப் பேருக்கு உங்கப்பன் யாருன்னு தெரியும். எங்க வயல்ல களையெடுத்தவன் புள்ள சைனீஸ் போடறான்னு சிரிக்க மாட்டானுங்களா? நீ உள்ளயே இரு. முன்னால நிக்க ஆள் பாத்துட்டேன்.”

அவர் பார்த்திருந்த ஆள் பக்கத்துக் கிடங்கின் இரவுக் காவல்காரர். நேபாளத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். எல்லாரும் அவரைக் கூர்க்கா என்பார்கள். அவர் பெயர் மன்ராஜ். பத்து வருடமாக அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் மனைவியோடு குடியிருந்தார். லாரிக்காரர்களிடமும் டீக்கடையிலும் தமிழ் கற்றவர் என்பதால் அசல் மெட்ராஸ் பாஷைதான் பேசுவார். என்னைவிட அழுத்தமாகவே பேசுவார். அவருக்கு வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியும் மாட்டி, ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பம்ப் அடுப்பும் கடாயும் வைத்து முதலாளி நிற்கவைத்தார். உள்ளே நான் செய்து முடித்ததைச் சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாக நீட்டுவேன். அவர் அதைக் கடாயில் போட்டு இரண்டு தரம் எகிறவிட்டுத் தட்டில் கொட்டுவார். வெளியே நாலு பேர் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

“ஒரு வார்த்த பேசக்கூடாது” என்று முதலாளி அவரிடம் கறாராகச் சொன்னார். “வாயத் தொறந்தா மெட்ராஸ் பாஷ வருது உனக்கு. பேசுனா கடை போச்சு. எவன் இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு.”

கேட்பவர்களிடம் முதலாளி “ஹாங்காங்ல இருந்து கூட்டியாந்தேன்” என்பார். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் நாங்கள் இருவரும் பின்கட்டில் தரையில் குந்திச் சாப்பிடுவோம். ஒருநாள் மன்ராஜ் கேட்டார்: “மாஸ்டர், என் பொஞ்சாதி கேக்குறா, ஹாங்காங்குன்றது எங்க கீது, ஆவடிக்கு அந்தாண்டயா இந்தாண்டயான்னு.” எனக்குச் சோறு புரையேறியது. நானும் அந்த வேஷத்துக்கு உடந்தைதான் என்பதை மறைக்கவில்லை. கடாயை எகிறவிடக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். அதில் ஓர் அவமானம் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோதும், உள்ளே நிறுத்தப்பட்ட என் அவமானம் மட்டும்தான் உறைத்தது.

ஒரே ஒருமுறை அந்த வேஷம் பலிக்காமல் போனது. ஜப்பான் கம்பெனி இன்ஜினியர்கள் இருவர் ஒரு மதியம் வந்தார்கள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அவர்கள் மன்ராஜிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார். இருவரில் பெரியவர் மன்ராஜின் முன்கைகளைப் பார்த்தார். ஒரு சூட்டுத் தழும்பு கிடையாது. பிறகு எழுந்து வந்து திறப்பு வழியாக என்னையும் என் கைகளையும் பார்த்துவிட்டு, லேசாகக் குனிந்து வணக்கம் சொன்னார். அந்தக் கடையில் சமைத்தவனுக்குச் சமைத்ததற்காகக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

இனி என் தவறைச் சொல்கிறேன். இதை யாரும் என்மேல் சுமத்தவில்லை, நானே செய்தது.

நகரத்தில் எனக்கு வேலை பழக்கிய மாஸ்டரிடம் சோறு விஷயத்தில் மட்டும் விளையாட முடியாது. ஃப்ரைட் ரைஸுக்கு ஆறிய சோறு வேண்டும், ஆனால் வடித்த கையோடு பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெளியே கிடந்த சோறு என்றால் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிடுவார். எங்கள் கடையில் சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மூன்று நாளாகச் சொல்லியும் முதலாளி ரிப்பேர் ஆளைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கம்பெனியில் புது மெஷினுக்குப் பூஜை, அறுபது பொட்டலம் ஃப்ரைட் ரைஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முந்தின நாள் சோறு ஓர் அண்டா அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தேன். கெட்ட வாடை என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் மூக்கு வேண்டாம் என்றது.

“முதலாளி, இந்தச் சோறு வேணாம், கொட்டிடலாம். புதுசா வடிச்சிடறேன்.”

“வடிச்சு, ஆறவெச்சு, எப்பக் குடுப்ப? பன்னெண்டு மணிக்கு வண்டி வருது. லேட்டானா அந்தக் கம்பெனிக்காரன் இனிமே நம்ம பக்கமே வரமாட்டான். அவ்ளோ தீயில வறுக்கறே, கிருமி சாவாதா?”

“கிருமி செத்தாலும் அது உட்டுட்டுப் போன வெசம் சாவாதுன்னு எங்க மாஸ்டர் சொல்லுவாரு.”

“உங்க மாஸ்டரா இங்க கடை வெச்சிகீறாரு?”

அந்த இடத்தில் கரண்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும். அல்லது, பொட்டலம் ஒரு மணிக்குத்தான் வரும் என்று கம்பெனிக்கு நானே ஆள் அனுப்பியிருக்கலாம். பூஜை ஒரு மணி நேரம் காத்திருக்கும். நான் இரண்டும் செய்யவில்லை. புதுச்சோறு பாதி வடித்து, பழைய சோற்றைப் பாதி கலந்தேன். பாதி என்றால் பாதிக் குற்றம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டில் பாதிக் குற்றம் என்று ஒன்று கிடையாது.

மூன்று மணிக்கு அந்தக் கம்பெனியில் ஒவ்வொருவராக வாந்தியெடுத்து விழுந்தார்கள். பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நாலு மணிக்கு முப்பது பேர் எங்கள் கடைக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவன் ஏழுமலை என்ற லேத் ஆபரேட்டர். தினமும் சுவரோரம் உட்கார்ந்து அரைத் தட்டு நூடுல்ஸ் சாப்பிடுகிறவன். விழுந்தவர்களில் ஒருவன் அவனுடைய உயிர் நண்பன்.

“இன்னாத்தடா போட்டுக் குடுத்தீங்க? என் தோஸ்து ஆஸ்பத்திரில கெடக்கிறான்!” என்று மேசையை உதைத்தான்.

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையை நீட்டினார். “என்ன ஏன்பா கேக்குறீங்க? சமைச்சவன் அதோ நிக்கிறான் பாரு. சைனாக்காரன். இன்னாத்தப் போட்டானோ, எனக்கின்னா தெரியும்?”

“பாம்பு போட்டியாடா?”

“நாயிதான் போட்டிருப்பான். இவனுங்க அதத்தான துன்னுவானுங்க!”

முதல் அடியில் தொப்பி பறந்தது. இரண்டாவது அடி காதில் விழுந்தது. மூன்றாவதில் மன்ராஜ் கடாயோடு சரிந்தார். அந்தத் திறப்பின் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம்தான், வேறு பெயர் அதற்கு வைக்க மாட்டேன். கேளுங்கள், அத்தனை அடிக்கும் மன்ராஜ் வாயைத் திறக்கவில்லை. பேசக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார் அல்லவா? அடி வாங்கும்போதும் அந்த மனிதர் வேலைக்கு உண்மையாக இருந்தார்.

யாரோ கரண்டியை எடுத்து ஓங்கிய பிறகுதான் அவர் கத்தினார்.

“அண்ணாத்தே, அடிக்காத அண்ணாத்தே! நான் சமைக்கல! நான் பக்கத்து குடோன் வாட்ச்மேன் அண்ணாத்தே! ஏரிக்கரையாண்ட கீறேன்!”

ஓங்கிய கரண்டி கீழே இறங்கியது. அத்துடன் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“தமிழ் பேசறான்டா! இத்தினி நாளும் நம்மள ஏமாத்திகினு இருந்துகீறான்!”

அதன்பிறகு விழுந்த அடிகள் முந்தின அடிகளைவிட மோசம்.

அப்போதுதான் வெளியே வந்தேன். “வுடுங்க, சமைச்சது நான்” என்றேன். யார் காதிலும் விழவில்லை. ஏழுமலையின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். “சமைச்சவன் நான்யா! அவர வுடு!”

அவன் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நீ யாரு?”

“மாஸ்டர். கோவில்பதாகை.”

நாலைந்து பேர் சிரித்தே விட்டார்கள். “கோவில்பதாகைக்காரன் சைனீஸ் போடுவானா? இவனக் காப்பாத்தறதுக்குக் கத வுடாத, ஒதுங்கு.”

என்னை அவர்கள் நம்பவில்லை. அவர்களில் ஒருவனாகத் தெரிந்ததால் எனக்கு அந்தச் சமையல் வராதாம். நான் கீழே கிடந்த கடாயை எடுத்து அடுப்பில் வைத்தேன். பம்ப் அடித்துத் தீயைக் கிளப்பினேன். எண்ணெய், பூண்டு, கோஸ், வெங்காயத்தாள், வடித்துவைத்திருந்த நூடுல்ஸ், சோயா சாஸ். கைக்குத் தன் வேலை தெரிந்திருந்தது. எத்தனையோ ஆயிரம் தட்டு சமைத்திருக்கிறேன். நான்தான் குற்றவாளி என்று நிரூபிப்பதற்காகச் சமைத்தது அந்த ஒரு தட்டுதான். மன்ராஜ் தரையில் கிடந்தார், அவர் தலைக்கு மேல் நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது.

ஏழுமலை தட்டை வாங்கி முகர்ந்தான். அவன் முகம் மாறியது.

“இதே வாசனதான்டா. தெனமும் துன்றேன், எனக்குத் தெரியாதா? இவருதான்.”

அடிக்குத் தயாராக நின்றேன். இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது அடுத்து நடந்ததுதான். ஒருவனும் என்னைத் தொடவில்லை. கூட்டத்தில் வயதானவர் ஒருவர், “ஏம்பா, பாத்து செய்யக் கூடாதா? சரி வுடுங்கடா, நம்மூரு ஆளு, தெரியாம பண்ணிட்டாரு” என்றார். இரண்டு நாற்காலியை உதைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

தெரியாமலா? தெரிந்தே செய்தவன் நான். எனக்கு ஓர் அறைகூட இல்லை. ஒன்றும் செய்யாதவரின் காதிலிருந்து ரத்தம் வடிந்தது. எனக்கு அவர்களுடைய மூக்கும் கண்ணும் இருந்தன, மன்னித்தார்கள். அவருக்கு வேறு முகம் இருந்தது, நாய்க்கறி போட்டவர் ஆனார். அந்த முகத்துக்காகத்தான் நேற்றுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஆட்டோவில் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இடது காது கேட்காமலே போய்விட்டது. மறுநாள் பார்க்கப் போனபோது, மனைவியை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

“மாஸ்டர், அந்த ஓட்ட வழியா உன் மூஞ்சியப் பாத்தேன். எத்தினி அடி வரைக்கும் அங்கயே நின்னுகினு இருந்தே?”

எழுந்து அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அன்று காலையில் முதலாளி என் வீடு தேடி வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“சமைச்சது அந்த நேபாளத்துக்காரன், கறியும் அவன்தான் எங்கேந்தோ கொண்டாந்தான்னு சொல்லிடு” என்றார். “கத முடிஞ்சிடும். இனிமே நீயே முன்னால நில்லு. உன் பேரையே பலகையில எழுதறேன்.”

நான் ஆசைப்பட்ட இடம் அதுதான். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் தயங்கினேன். மன்ராஜ் கேட்ட கேள்வி காதில் இருந்ததால்தான் தப்பித்தேன். மதியம் ஆய்வாளரிடம் சோறு, அண்டா, நின்றுபோன ஃபிரிட்ஜ், கலந்த கை எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்குப் பூட்டு விழுந்தது. வேலை போனது. இரண்டே மாதத்தில் அதே கடை வேறு பெயரில் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டார்ஜிலிங்கிலிருந்து கூட்டிவந்த வேறொரு முகம் நின்றது. பழைய கூட்டம் மறுபடியும் நின்று வேடிக்கை பார்த்தது.

காது கேட்காத காவல்காரர் வேண்டாம் என்று கிடங்குக்காரர்களும் மன்ராஜை நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரை வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

“எனக்கு எதுக்கு சொல்றே? நான் சமைக்கலன்னு எனக்கே தெரியும். அந்த முப்பது பேராண்ட போய் சொல்லு. ரோட்ல என் பொஞ்சாதியப் பாத்து நாய்க்கறின்னு சொல்றானுங்க.”

ஒரு வாரம் அந்தக் கம்பெனி கேட்டில் ஷிப்ட் விடும் நேரம் போய் நின்றேன். ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னேன்: மன்ராஜ் சமைக்கவில்லை, நாய்க்கறி இல்லை, பழைய சோறு, அதைக் கலந்தவன் நான். சிலர் சிரித்தார்கள். சிலர், “அதான் முடிஞ்சு போச்சே, வுடுண்ணே” என்றார்கள். பாதிப் பேருக்கு யாரை அடித்தோம் என்பதே நினைவில் இல்லை. ஏழுமலை மட்டும் நாலு நாள் என்னைப் பார்க்காதவன் போலப் போய்விட்டு, ஐந்தாம் நாள் சைக்கிளை நிறுத்தினான்.

“அவரு ஊடு எங்க கீது?”

ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஏழுமலை வாசலில் நின்றபடி என்னென்னவோ சொல்ல முயன்றான். மன்ராஜ் நல்ல காதை அவன் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

“உன் தோஸ்து கீறானே, ஆஸ்பத்திரில இருந்தான்ல, அவனுக்கு வவுறு சரியாயிடுச்சா?”

“ரெண்டு நாள்ல எழுந்துட்டான்” என்ற ஏழுமலை அப்படியே உட்கார்ந்து அழுதான்.

தம்பி தங்கைகளே, அந்தப் பன்னிரண்டு பேரும் மன்ராஜ் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியின் மாடியில்தான் இருந்தார்கள். நான் மூன்று தரம் அங்கே போயிருக்கிறேன். என் குற்றம், என் பயம், என் வேலை என்று எல்லாவற்றையும் நினைத்தேன். ஒருமுறைகூட மாடிப்படி ஏறவில்லை. முதலாளி கேட்கவில்லை, சமைத்த நான் கேட்கவில்லை. சாப்பிட்டவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அந்தக் கடையிலிருந்து கேட்டவர், அங்கே ஒருநாளும் சமைக்காத மன்ராஜ் மட்டும்தான்.